காணவில்லை... ஒரு மெனு!

இந்த வாரம் வழக்கமான டிப்ஸ் மழை கிடையாது. ஒரே ஒரு கடிதம்தான். ஆனால் ப்ராஜெக்ட், தீசிஸ் என்று எதையாவது டைப் அடித்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என்றைக்காவது ஒருநாள் நடக்கப்போகிற சமாசாரம் என்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே பார்த்துவிடலாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து சிதம்பரத்துக்குப் படிக்கப் போகும் ஒரு தங்கை எழுதியிருந்தார்:

"அண்ணா, வர்ற திங்கட்கிழமை எனக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன். சித்தப்பா பையனோட லேப்டாப்பைக் கடன் வாங்கி டைப் பண்றேன். பொருளடக்கத்தைக் கையால அடிக்கக் கூடாது, வேர்டே தானா போடணும்னு எங்க கைடு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அது 'ரெஃபரன்சஸ்'ல இருக்குன்னு ஃப்ரெண்ட் சொன்னா. என் வேர்டில ஹோம் இருக்கு, இன்சர்ட் இருக்கு, லேஅவுட் இருக்கு, அதுக்கப்புறம் நேரா மெயிலிங்ஸ். நடுவுல ரெஃபரன்சஸையே காணோம்! பக்கத்துல ஒரு கடையில காட்டினேன். 'ஆபீஸ் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் புதுசா போடணும்'ங்கறாங்க. பண்ணிடலாமா அண்ணா?"

வேண்டவே வேண்டாம் தாயே! என்று அன்றைக்கே பதில் தட்டிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமையும் வந்து போய்விட்டது. என்ன ஆச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் ஏன் இவ்வளவு பதறினேன் என்பதற்கு ஒரு ஃபிளாஷ்பேக் இருக்கிறது. அது முதலில்.

கீழ வீதியில் ஒரு ராத்திரி

2003, மார்ச் மாதம். சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். நாலே நாலு கம்ப்யூட்டர், பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே கிறீச் கிறீச்சென்று ஒரு ஃபேன். சிதம்பரத்தில் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த ஊர். அதனால் ப்ராஜெக்ட் சீசனில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், காலிகோ பைண்டிங் கடைகளில் நிற்க இடம் இருக்காது.

என் ரூம்மேட் எம்.ஏ. பொருளாதாரம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எப்படி நடக்கிறது, யார் கையில் காசு தங்குகிறது என்பதுதான் அவன் ப்ராஜெக்ட். விடியற்காலையில் போய் ஏலம் விடுபவர்களோடு நின்று குறிப்பெடுத்து வந்தவன். சும்மா காப்பியடிக்கிற கேஸ் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு வேறு. வேர்ட் 2000இல் இன்சர்ட் மெனுவைத் திறந்தால் 'ஃபுட்நோட்' இருக்கும், போட்டுக்கொண்டே வந்தான்.

பரீட்சை ஃபீஸ் அலைச்சலில் மூன்று வாரம் கடைப்பக்கம் போகவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து இன்சர்ட்டைத் திறந்தால், ஃபுட்நோட் இல்லை!

"மச்சி, இருந்ததுடா... இங்கதான்டா இருந்தது."

கடைக்காரர் வந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த வியாதி ஒன்று, வைத்தியமும் ஒன்று. "வைரஸ் தம்பி. ஃபார்மட் அடிச்சா சரியாயிடும்." ராத்திரி எட்டு மணிக்கு சீடியைப் போட்டார். பத்தரை மணிக்கு புத்தம்புது விண்டோஸ், புத்தம்புது வேர்ட். நாங்களும் சந்தோஷமாக 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்தோம். காலி!

ஃபார்மட் என்றால் அந்த டிரைவில் இருப்பதெல்லாம் போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவரும் கேட்கவில்லை. நண்பனிடம் ஒரு ஃபிளாப்பி இருந்தது. அதில் இரண்டாவது அத்தியாயம் வரைதான். மூன்றும் நான்கும், அதாவது அவன் துறைமுகத்தில் நின்று சேகரித்த எல்லாமும் போச்சு. குறிப்பு நோட்டு இருந்ததால் ஐந்து ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தோம். நான் படித்துச் சொல்ல, அவன் டைப் செய்ய. முதல் தடவை எழுதியது மாதிரி வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்த ஃபுட்நோட் எங்கேயும் போகவில்லை. மெனுவின் அடியில் கீழ்நோக்கிய இரட்டை அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை ஒரு க்ளிக் செய்திருந்தாலோ, மெனுவைத் திறந்துவிட்டு சில விநாடி சும்மா காத்திருந்தாலோ, மிச்ச மெனுவும் விரிந்திருக்கும். ஃபுட்நோட்டும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கும். இது எனக்குத் தெரியவந்தபோது ரிசல்ட்டே வந்துவிட்டது!

ஒளித்து வைத்தது யார்?

வேர்டேதான். 1999இல் வெளிவந்த ஆபீஸ் 2000இல் இது ஒரு புது வசதி. நீங்கள் அடிக்கடி தொடும் கட்டளைகள் மட்டும் மெனுவில் முதலில் தெரியும். தொடாதவை உள்ளே போய்விடும். எத்தனை முறை வேர்டைத் திறந்தீர்கள், அதில் எந்தக் கட்டளையைத் தொடவே இல்லை என்று அது கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும்.

வீட்டில் ஒரே ஆள் உபயோகித்தால் இது ஓரளவு சரி. பிரவுசிங் சென்டரில்? எல்லோருக்கும் ஒரே லாகின். மூன்று வாரமாக அந்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் பயோடேட்டாவும் லீவ் லெட்டரும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. வேர்ட் என்ன செய்யும் பாவம்! 'இந்த ஊரில் ஃபுட்நோட் யாரும் கேட்பதில்லை போல' என்று உள்ளே தள்ளிவிட்டது. என் நண்பன் மெனுவில் பார்த்தது அவனுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் பழக்கத்தை.

ஏன் இப்படி ஒளிக்கத் தோன்றியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆபீஸின் தோற்றத்தை வடிவமைத்த குழுவில் இருந்த ஜென்சன் ஹாரிஸ் 2000களின் நடுவில் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். முதல் வேர்டில் இருந்தவை சுமார் 100 கட்டளைகள். வேர்ட் 2003க்கு வரும்போது 1,500-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் வேர்ட் 2003இல் மக்கள் இட்ட கட்டளைகளை எண்ணிப் பார்த்தால், அதில் கிட்டத்தட்ட 32 சதவீதம் வெறும் ஐந்தே ஐந்து: பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்ட். சரி, மிச்சத்தை ஒளித்தால் சுத்தமாக இருக்குமே என்று நினைத்தது தப்பில்லை. ஆனால் ஐந்தைத் தவிர மிச்சம் இருக்கிறதே, அதில் ஆளுக்கு ஒன்று உயிர்போகிற அவசரத்தில் தேவைப்படும். எம்.ஏ. மாணவனுக்கு ஃபுட்நோட், கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவருக்கு மெயில் மெர்ஜ். மாறிக்கொண்டே இருக்கும் மெனுவில் கைக்குப் பழக்கமே வராது. வீட்டில் அம்மா தினமும் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தால் நம்மால் காபி போட முடியுமா?

கடைசியில் அவர்களே இதைக் கைவிட்டார்கள். 2007இல் மெனுக்களுக்குப் பதிலாக 'ரிப்பன்' வந்தது. வந்த வேகத்தில் 'ஃபைல்' மெனுவே காணாமல் போனது தனிக் காமெடி. மூலையில் இருந்த வட்ட பட்டன்தான் ஃபைல் என்று தெரியாமல், பிரின்ட் எடுக்க வழியில்லாமல் முழித்தவர்கள் எத்தனையோ பேர். ஆபீஸ் 2010இல் 'ஃபைல்' என்ற எழுத்தே திரும்பி வந்துவிட்டது.

பழைய வேர்ட் 2003ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகள் உண்டு (2014லேயே அதற்கான ஆதரவு நின்றுவிட்டது, நெட்டில் இணைத்து உபயோகிக்காதீர்கள்). அப்படி ஒன்றில் மாட்டினால் டூல்ஸ், கஸ்டமைஸ், ஆப்ஷன்ஸ் போய் 'ஆல்வேஸ் ஷோ ஃபுல் மெனுஸ்' என்பதில் டிக் போடுங்கள். தலைவலி தீர்ந்தது. அதே வேர்டில் ஒரு கண்ணிவெடியும் உண்டு. கன்ட்ரோல், ஆல்ட், ஹைஃபன் மூன்றையும் தெரியாமல் அழுத்திவிட்டால் மவுஸ் குறி தடித்த மைனஸாக மாறும். அந்த நேரத்தில் எந்த மெனு கட்டளையைத் தொட்டாலும் அது மெனுவிலிருந்தே நீக்கப்பட்டுவிடும்! மைனஸைப் பார்த்தால் எஸ்கேப் தட்டித் தப்பியுங்கள். ஏற்கெனவே போயிருந்தால் கஸ்டமைஸ் பெட்டியின் டூல்பார்ஸ் பகுதியில் 'மெனு பார்' என்பதைத் தேர்ந்தெடுத்து ரீசெட் கொடுத்தால் திரும்பி வரும்.

சரி, இன்றைய கதை

நம் கடலூர் தங்கையின் லேப்டாப்பில் இருப்பது புதிய வேர்ட். அதில் இரட்டை அம்பெல்லாம் கிடையாது. அப்புறம் எப்படிக் காணாமல் போகும்?

அவர் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது. ஹோம் இருக்கிறது, இன்சர்ட் இருக்கிறது, ஒரே ஒரு டேப் மட்டும் இல்லை. கரப்ட் ஆன சாஃப்ட்வேர் இவ்வளவு நாகரிகமாக ஒன்றை மட்டும் எடுக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன். வலதுபக்கம் டேப்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி. டிக் எடுக்கப்பட்டிருந்தால் டேப் மறையும், போட்டால் வரும். அவ்வளவுதான்! (ஃபைல் டேபை மட்டும் இந்த இடத்தில் மறைக்க முடியாது. அதனால் இந்த வழி எப்போதும் திறந்தே இருக்கும்.) டேப் இருக்கிறது, உள்ளே ஒரு பகுதியைக் காணோம் என்றால் அதே இடத்தில் ரீசெட் பட்டனுக்குள் தேர்ந்தெடுத்த டேபை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதி உண்டு.

'ரீசெட் ஆல்' என்று இன்னொன்றும் இருக்கும். கை அங்கே போகும். கொஞ்சம் பொறுங்கள். கடன் வாங்கிய லேப்டாப்பில் அதை அமுக்கினால் சொந்தக்காரர் தன் வசதிக்குப் பார்த்துப் பார்த்து வைத்த பட்டன்கள் எல்லாம் போய்விடும். பிறகு அடுத்த தடவை லேப்டாப் கேட்டால் கிடைக்காது! அமுக்கியே ஆகவேண்டுமென்றால், அதே பக்கத்தில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' மூலம் அவருடைய அமைப்பை ஒரு ஃபைலாக எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். 'நார்மல் டெம்ப்ளேட்டை டெலிட் பண்ணு, எல்லாம் சரியாகும்' என்று சீனியர்கள் சொல்வார்கள். பழைய வேர்டில் அது சரியான வைத்தியம், ஏனென்றால் மெனு மாற்றங்களை வேர்ட் அந்த ஃபைலுக்குள்தான் சேமித்தது. இப்போது ரிப்பனில் செய்யும் மாற்றங்கள் வேறு ஒரு ஃபைலில் போய் உட்காருகின்றன. நார்மலை அழித்தால் காணாமல் போன டேப் வராது. நீங்கள் அமைத்து வைத்த எழுத்துரு, ஸ்டைல் முதலியவைதான் போகும். பழைய மருந்துச் சீட்டை எல்லா வியாதிக்கும் நீட்டாதீர்கள்.

ஒரு டேப் இல்லாமல் பட்டன் வரிசை மொத்தமும் மறைந்து டேப் பெயர்கள் மட்டும் நின்றால்? கன்ட்ரோலும் எஃப்1-ம் அமுக்குங்கள், வந்துவிடும். டேப் பெயரே இல்லாமல் வெறும் வெள்ளைத் தாள் மட்டும் தெரிந்தால் அது ஃபோகஸ் மோடாக இருக்கலாம். எஸ்கேப் தட்டுங்கள், அல்லது மவுஸைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் செய்ய நேரமில்லை, கட்டளை மட்டும் இப்போதே வேண்டும் என்றால் ஆல்ட்டும் க்யூவும். மேலே உள்ள தேடல் பெட்டிக்குப் போகும். வேண்டிய கட்டளையின் பெயரை அடித்தால் அது எந்த மூலையில் இருந்தாலும் அங்கேயே கிடைக்கும். ஆபீஸ் 2016இலிருந்து இந்தப் பெட்டி உண்டு. காலேஜ் லேபில் ஆப்ஷன்ஸ் பக்கமே பூட்டியிருந்தாலும் கீபோர்டுக்குப் பூட்டில்லை. அடிக்குறிப்புக்கு கன்ட்ரோல், ஆல்ட், எஃப். பொருளடக்கத்துக்கு கன்ட்ரோலும் எஃப்9-ம் தட்டினால் இரண்டு வளைவு அடைப்புக்குறி வரும். அதற்குள் ஆங்கிலத்தில் டி, ஓ, சி என்ற மூன்றெழுத்தை மட்டும் அடித்து எஃப்9. தலைப்புகளுக்கு நீங்கள் ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்திருந்தால், பொருளடக்கம் பக்க எண்ணோடு பொலபொலவென்று கொட்டும். ரெஃபரன்சஸ் டேப் இருக்கிறதா இல்லையா என்று அது கேட்கவே கேட்காது.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வரி: ஸோட்டேரோ டேப் காணோம் என்றால் வேர்டில் தேடாதீர்கள். ஸோட்டேரோவின் செட்டிங்ஸில் 'சைட்' பகுதிக்குப் போய் வேர்ட் ஆட்-இன்னை ரீஇன்ஸ்டால் கொடுங்கள்.

இருக்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

காணாமல் போவது வேறு, மங்கிப்போவது வேறு. கட்டளை சாம்பல் நிறத்தில் இருந்தால் வேர்ட் 'இப்போது முடியாது' என்கிறது, 'இல்லை' என்று சொல்லவில்லை. எல்லாமே மங்கலாக, தலைப்பில் 'அன்லைசென்ஸ்ட்' என்று இருந்தால் ட்ரையல் காலம் முடிந்துவிட்டது. புது லேப்டாப் வாங்கிய சில மாதத்தில் பலருக்கும் நடக்கும். ஃபைலைத் திறந்து படிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. அந்த நிலையில் ரீஇன்ஸ்டால் செய்தாலும் அதேதான். கையில் காசில்லையா, இலவசமான லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்து வேலையை முடியுங்கள்.

சயின்ஸ் மாணவர்கள் மாட்டுவது 'ஈக்வேஷன்' மங்குவதில். சீனியர் கொடுத்த பழைய டாக் ஃபைலின் மேலேயே உங்கள் தீசிஸை டைப் செய்துகொண்டே போயிருப்பீர்கள். தலைப்பில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று இருக்கிறதா பாருங்கள். பழைய ஃபார்மட்டில் புது ஈக்வேஷன் வேலை செய்யாது. ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, ஃபைல், இன்ஃபோ, கன்வெர்ட். மங்கியது பளிச்சென்று ஆகிவிடும்.

நிஜமாகவே போனது

இதுவரை சொன்னவை எல்லாம் ஒளிந்திருந்தவை. நிஜமாகவே எடுத்துவிட்ட கட்டளைகளும் உண்டு. பெரிய கட்டுரையைத் தானே சுருக்கித் தரும் 'ஆட்டோ சம்மரைஸ்' வேர்ட் 2010இல் போயே போய்விட்டது. மெனுவில் தேடிப் பயனில்லை.

அதைவிட நம் ஊர் கணக்கு, இயற்பியல் பிள்ளைகளைத் தொட்டது பழைய 'ஈக்வேஷன் எடிட்டர் 3.0'. வருஷக்கணக்காக எல்லா தீசிஸிலும் சூத்திரங்களை எழுதிக்கொடுத்தது அதுதான். 2017இல் அதற்குள் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. விஷமம் வைத்த ஒரு டாக்குமென்டைத் திறந்தாலே கம்ப்யூட்டர் அடுத்தவன் கைக்குப் போய்விடும் அளவுக்கு ஓட்டை. அந்தப் புரோகிராம் 2000ஆம் ஆண்டு தயாரானது, அதாவது 17 வருஷமாக நம் மேஜையிலேயே இருந்திருக்கிறது! நவம்பரில் ஒட்டுப்போட்டுப் பார்த்த மைக்ரோசாஃப்ட், 2018 ஜனவரி அப்டேட்டில் அதை அடியோடு நீக்கிவிட்டது.

விளைவு? அதற்கு முன் எழுதிய சூத்திரங்கள் திரையில் தெரியும், பிரின்டிலும் வரும். டபுள் க்ளிக் செய்து திருத்தப் போனால் முடியாது. இங்கேயும் ஃபார்மட் அடித்துப் பயனில்லை. 'பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரலாம்' என்று யாராவது எங்கிருந்தோ ஒரு ஃபைலைக் கொடுத்தால் தயவுசெய்து போடாதீர்கள், எந்த ஓட்டைக்காக நீக்கினார்களோ அதை நீங்களே வீட்டுக்குள் அழைத்து வந்த மாதிரி ஆகும். புதிய வேர்ட் பதிப்புகள் பழைய சூத்திரத்தைப் புது வடிவத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. மாத்டைப் மென்பொருளிலும் திருத்தலாம். பத்துப் பதினைந்து சூத்திரம்தான் என்றால் ஆல்ட்டும் ஈக்வல்ஸ் குறியும் தட்டி புதிதாக அடித்துவிடுவதே மேல். கை பழகிவிட்டால் பழையதைவிட வேகம்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு

தமிழ் எம்.ஏ. நண்பர்கள் 'எங்களுக்கு ஒண்ணும் இல்லையா' என்று கேட்பதற்குள் வந்துவிடுகிறேன். நீங்கள் காணாமல் போனது என்றே தெரியாமல் தொலைத்திருக்கும் ஒன்று இருக்கிறது. வேர்டின் ஃபான்ட் பெட்டியில் ஆங்கிலத்துக்கு ஒரு இடம், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனி இடம். ஆங்கிலத்தை 12 என்று மாற்றிவிட்டு தமிழ் ஏன் மாறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான். ஆபீஸில் தமிழைச் சேர்க்காதவரை அந்த இரண்டாவது இடம் கண்ணிலேயே படாது. ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் போய் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறங்கள்.

லிப்ரே ஆபீஸிலும் இதே கதை. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிகளுக்கான பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் டிக் போட்டால்தான் தமிழுக்கான எழுத்துரு வசதிகள் வெளியே வரும். 2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அக்கா, அண்ணன்கள் வாங்கிய பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பலவற்றில் பாஸ் லினக்ஸும் இருந்தது (நம்ம 'பாஸ்' இல்லை பாஸ், சி-டாக் தயாரித்தது!). அந்தப் பெட்டியில் ரைட்டர் வைத்திருப்பவர்கள் இதை முதலில் செய்யுங்கள். ரைட்டரில் மெனுவே குளறுபடியானால் ஹெல்ப் மெனுவில் சேஃப் மோடில் மறுபடி தொடங்கும் வசதி இருக்கிறது. அங்கே தோற்றத்தையும் செட்டிங்ஸையும் மட்டும் ரீசெட் செய்யலாம். உங்கள் டாக்குமென்ட்களை அது தொடாது.

சரி, கடலூர் தங்கை? சனிக்கிழமை ராத்திரியே பதில் வந்தது. கஸ்டமைஸ் ரிப்பனில் ரெஃபரன்சஸுக்கு மட்டும் டிக் இல்லை. போட்டார், வந்துவிட்டது. சித்தப்பா பையனைப் பிடித்து விசாரித்ததில், "நான் அதை யூஸ் பண்றதே இல்லக்கா, ஸ்கிரீன்ல இடத்தை அடைக்குதுன்னு எடுத்துட்டேன்" என்றானாம். பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு எதற்குப் பொருளடக்கம்!

ஆனால் பொருளடக்கம் உடனே வரவில்லை. 74 பக்கத்திலும் தலைப்புகளை வெறுமனே போல்ட் செய்து பெரிசாக்கி வைத்திருந்தாராம். ஹெட்டிங் ஸ்டைல் இல்லாவிட்டால் வேர்டுக்கு அது தலைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பாகத் தேர்ந்தெடுத்து ஸ்டைல் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பென்டிரைவோடு சிதம்பரம் போய், பைண்டிங் கடையில் இரண்டு மணி நேரம் நின்று, மூன்று காப்பியையும் சாயந்திரம் நாலரைக்கு ஒப்படைத்திருக்கிறார். கைடு முதலில் புரட்டியது பொருளடக்கத்தைத்தானாம்.

மெயிலின் கடைசியில் ஒரு பின்குறிப்பு: "ஃபைலை ரெண்டு பென்டிரைவிலயும் என் மெயிலுக்கும் அனுப்பி வெச்சிட்டேன் அண்ணா. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கறப்போ டிக்கை மறுபடி எடுத்துட்டேன், இல்லன்னா சண்டைக்கு வருவான்."

அடுத்த வாரம்: முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் அத்தியாயத்திலிருந்து 1, 2, 3... ஒரே ஃபைலில் இரண்டு வகை பக்க எண் போடுவது எப்படி? அதுவரைக்கும் டாட்டா!